செட்டிநாட்டில் கட்டட ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு: பணமும் ஆளும் கைவிட்டுப் போகாமல் வேலை முடிப்பது எப்படி

காரைக்குடியைச் சுற்றிப் புது வீடு கட்டுவதும் பழைய வீடுகளைச் செப்பனிடுவதும் என் தொழில். அப்பா கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியானவர். நான் சிவில் படித்துவிட்டு அவரோடு சேர்ந்தேன், இப்போது என் பெயரில் ஒப்பந்தம் எடுக்கிறேன். அப்பாவோடு வேலை பார்த்த மூத்த கொத்தனார்கள் இன்றும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, சதுர அடிக்கு என்ன ரேட் போடலாம் என்பதுதான். ரேட்டைக் குறைத்துப் போட்டு நொடித்தவர்கள் உண்டு. ஆனால் நல்ல ரேட் போட்டும் கடனாளியானவர்களை அவர்களைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள், எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கினார்கள், சனிக்கிழமைக் கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் காரணம் தெரிந்துவிடும். இவை எல்லாமே கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டியவை.

பழைய வீடு என்றால் முதலில் பங்காளிகள்

நம் பக்கத்துப் பெரிய வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அபூர்வம். பாட்டனார் கட்டிய வீட்டில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், சென்னையில் இருக்கும், ஒரு புள்ளி சிங்கப்பூரில், இன்னொன்று கோலாலம்பூரில். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் பங்கு பிரிந்திருக்கும். முகப்பும் பட்டாலை என்னும் கூடமும் கூரையும் பொது. உங்களைக் கூப்பிட்டு வேலை பேசுபவர் ஊரில் இருக்கும் ஒருவர். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருடைய வார்த்தை மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது.

ஒரு வீட்டில் இரண்டாம் கட்டின் ஓட்டைப் பிரித்து உத்தரம் மாற்றும் வேலை. பாதி ஓடு கீழே இறங்கிவிட்ட நிலையில், வெளிநாட்டில் இருந்த பங்காளி ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் தன்னைக் கேட்காமல் எப்படிக் கை வைக்கலாம் என்றார். வேலை நின்றது. அது ஐப்பசி மாதம். திறந்து கிடந்த கூரைக்குத் தார்ப்பாய் வாங்கிப் போட்ட செலவும், ஆட்களைச் சும்மா உட்கார வைத்த கூலியும் ஒப்பந்ததாரர் தலையில் விழுந்தன. அவர்களுக்குள் மனத்தாங்கல் தீர்ந்து வேலை மறுபடி தொடங்கியபோது, அந்தக் கொத்தனார்கள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஆகவே பழைய வீட்டு வேலையை எடுக்கும்போது, பங்குள்ள எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். முடியாவிட்டால் ஒருவருக்கு மற்றவர்கள் பவர் எழுதிக்கொடுத்து, அதன் நகலை உங்களிடம் தர வேண்டும். பணம் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு பங்காளியும் தன் பங்கைத் தனித்தனியாக உங்களுக்கு அனுப்புவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வராத பங்கை வசூலிக்கும் வேலை உங்களுடையதாகிவிடும். கூடுதல் வேலைக்குச் சரி சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, கழற்றும் பொருள்கள். பர்மா தேக்குக் கதவு, சித்திர வேலை செய்த நிலை, பித்தளைக் கைப்பிடி, பெல்ஜியம் கண்ணாடி, பழைய பீங்கான் சாமான் என்று எல்லாவற்றுக்கும் இன்று விலை இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வேலை தொடங்கும் நாளில் வீட்டுக்காரரோடு ஒவ்வோர் அறையாக நடந்து, இருப்பதை எல்லாம் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். கழற்றியதை எண் ஒட்டி ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி காணவில்லை என்றால் சந்தேகம் உங்கள் ஆட்கள் மேல்தான் விழும். காலமெல்லாம் நேர்மையாக உழைத்த சித்தாள் ஒருவர் அப்படிக் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்க நேரக்கூடாது.

சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசச் சொல்லி வீட்டுக்காரரே கேட்பார், சீக்கிரம் முடியும் என்று. மறுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிட, ஈரமும் உப்பும் உள்ளே தங்கிப் பூச்சு பொருக்கு விட்டு உதிரும். அந்தப் பழி உங்களுக்கு வரும், வேலையும் உங்கள் செலவில் இரண்டாம் முறை நடக்கும். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைக்கும் பூச்சுக்கு நாளும் ஆளும் கூடுதலாக வேண்டும் என்பதை விலைப்பட்டியலிலேயே காட்டுங்கள்.

விலை ஏறினால் யார் பொறுப்பு

ஒப்பந்தம் எழுதும் நாளில் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் விலைகளை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். அதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தருவார், இறங்கினால் அவருக்குக் கழித்துக்கொடுப்பேன் என்று சேர்த்து எழுதுங்கள். 2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்குப் புதிய வரி வந்தபோது குவாரிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின, எம்-சாண்டும் ஜல்லியும் விலை ஏறின. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஏறியதைக் கேட்டு வாங்குபவர் இறங்கியதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அடுத்த வேலைக்கு அவரைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லும் தொகையில் உங்கள் ஜிஎஸ்டி அடக்கமா, தனியா என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாக வாங்குங்கள்: முன்பணம், பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு, தரை, முடிவு. நான் வைத்திருக்கும் வரம்பு ஒன்று உண்டு. செய்து முடித்துப் பணம் வராத வேலையின் மதிப்பு, இரண்டு வாரக் கூலியைத் தாண்ட விடமாட்டேன். தாண்டினால் அடுத்த கட்டத்தைத் தொடங்க மாட்டேன். ஒரு வீட்டுப் பணத்தை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கம்பி வாங்குவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. நொடிப்பு அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்கு ஒரு கணக்கு வையுங்கள், கூலிக்குத் தனியாக ஒன்று.

காலண்டரைப் பார்த்து வேலை எடுங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் வீடு முடிய வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் டைல்ஸ் ஒட்டுபவர், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன் யாரும் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்கு நாள் குறிப்பதைத் தளம் போடும் சமயத்திலேயே செய்துவிட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நமக்கு அதிக மழை தருவது அதுதான். அந்த மாதங்களில் கடைக்கால் தோண்டாதீர்கள், பழைய ஓட்டைப் பிரிக்காதீர்கள். கடைக்காலும் கூரையும் அதற்குள் முடிந்திருந்தால் உள்பூச்சு, மின்குழாய், தச்சு வேலைகளை மழையிலும் நடத்தலாம்.

ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு மழை இன்னொரு வகையில் குறுக்கே வரும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது அது. சூளை கிடையாது. மழைக்காலத்தில் காய நாளாகும். ஒரு தடவை கலக்கும் வண்ணம் அடுத்த தடவை அச்சு அசலாக வராது. ஆகவே மொத்தத் தரைக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள், உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டியே சொல்லுங்கள். பாதியில் குறைந்துபோய்த் திரும்பப் போனால் நடுவீட்டில் வேறு சாயல் தெரியும்.

ஆள் வராத நாள்களையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அந்த வாரம் உள்ளூர் இளவட்டங்கள் யாரும் வேலைக்கு வருவதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போனால் வீட்டுக்காரரையே பிடிக்க முடியாது. பங்குனி உத்திரத்தில் குன்றக்குடி முருகன் கோவில் திருவிழா. பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் தீபாவளிக்குப் பின் வரும் சத் பூஜைக்கும், ஹோலிக்கும் ஊருக்குப் போவார்கள். வங்காளத்துக்காரர்களுக்குத் துர்கா பூஜை. அவரவர் ஊர்த் தேர்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குப் போகிறவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. போகும் தேதியை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லும் பழக்கத்தை மட்டும் உண்டாக்கினால் போதும்.

ஆள் நிற்க வேண்டுமானால்

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கட்டட வேலைக்குப் போவது புதிதல்ல. அங்கே நல்ல சம்பளம் மட்டுமல்ல, தலைக்கவசம் தருகிறார்கள், வேலைக்கு நேரம் உண்டு, சம்பளச் சீட்டு உண்டு. திரும்பி வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். இங்கே மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுவதைச் சொல்வார்கள், கூலியை அடுத்த வாரம் என்று தள்ளிப்போடுவதையும் சொல்வார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே போக வேண்டும். வீட்டுக்காரர் பணம் தரவில்லை என்பது சித்தாளின் பிரச்சினை அல்ல. வருகைப் பதிவை மேஸ்திரியின் நோட்டில் மட்டும் விடாமல், தினமும் மாலையில் படம் எடுத்து வையுங்கள். முன்பணம் கொடுத்தால் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளிமாநில ஆட்களுக்கு மேஸ்திரி வழியாகக் கொடுக்காமல் அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். நடுவில் யாரும் எடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தால், ஊருக்குப் போனவர்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

18 முதல் 60 வயது வரை உள்ளவர்களைத் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிய வையுங்கள். வாரியம் 1994 முதல் இருக்கிறது. அப்படியிருந்தும் பதியாத சித்தாள்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துவரச் சொல்லி, ஒரு மழை நாளில் எல்லோருக்கும் சேர்த்து முடித்துவிடலாம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதிக்காகக் கட்டுகிறோமே, அது இவர்களுக்காகத்தான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஓய்ந்துவிட்டால் அந்த வேலையை உங்களால் ஒப்புக்கொள்ளவே முடியாது. ஒவ்வொரு பெரியவரோடும் இளையவர் ஒருவரை நிறுத்தி, இளையவருக்கு முழுக் கூலியும் பெரியவருக்குக் கற்றுத்தருவதற்காகக் கூடுதலும் கொடுக்கிறேன். பல ஆண்டுகளாகச் சாந்துச் சட்டி தூக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கலவை பதம் பார்ப்பதில் அவர்களுக்கு இணை கிடையாது. ஆனாலும் கரண்டியை அவர்கள் கையில் யாரும் கொடுப்பதில்லை. என்னிடம் சித்தாளாக இருந்த இரண்டு பேர் இப்போது ஆத்தங்குடிக் கல் பதிக்கிறார்கள். கல் பதிப்பவரின் கூலிதான் அவர்களுக்கும். பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் முதல் நாளே கழிப்பறை போடுங்கள், கடைசியில் அல்ல.

எந்தத் தொழில்நுட்பத்துக்குக் காசு போடலாம்

சிறிய ஒப்பந்ததாரருக்கு ட்ரோன் தேவையில்லை. லேசர் மட்டக்கருவி தேவை. தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்க்க இரண்டு பேர் வேண்டும், குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் தப்பும். லேசரை ஒருவரே வைத்துவிடலாம். மூத்த கொத்தனார் நம்ப மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். குழாய் மட்டத்தையும் லேசரையும் பக்கத்தில் வைத்து அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அவரே கேட்டு வாங்குவார்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் முப்பரிமாணப் படத்துக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. வரைபடத்தில் கோடாகப் பார்த்துச் சரி என்றவர், சுவர் எழுந்தபின் அடுப்படி சின்னதாக இருக்கிறதே என்பார். படத்தில் பார்த்தவர் அதைச் சுவர் எழும் முன்பே சொல்லிவிடுவார்.

கைப்பேசியே போதுமான இடங்கள் பல. தளம் போடும் முன், கட்டிய கம்பிகளைப் பக்கத்தில் டேப் வைத்துப் படம் எடுங்கள், இடைவெளி எண்ணில் தெரியும்படி. சுவருக்குள் மறையும் குழாய், வயர் எல்லாவற்றையும் பூச்சுக்கு முன் எடுத்து, அறைவாரியாகப் பெயரிட்டு வையுங்கள். கணக்குக்கு ஒரு விரிதாள் போதும். ஆனால் ஓர் ஏமாற்று இப்போது பரவியிருக்கிறது. கம்பிக் கடையின் பெயரில் வாட்ஸ்அப்பில் செய்தி வரும், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்புங்கள் என்று. உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அதேபோல் பணம் போட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள்.

புது வீட்டுக்கு அனுமதி வாங்குவது எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியாக வாங்கலாம். எளிதாகக் கிடைத்தது என்பதற்காக வரைபடத்தைத் தாண்டி ஓர் அடிகூட நீட்டாதீர்கள். சான்று கொடுத்து வாங்கிய அனுமதி, மீறினால் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

லாரி வந்து நிற்கும்போது

கம்பி லாரி வந்தால் எடைச்சீட்டை மட்டும் பார்த்து இறக்காதீர்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க 0.89 கிலோ. 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.7 கிலோ. 8 மி.மீ. கம்பி ஒன்று சுமார் 4.7 கிலோ. கட்டைப் பிரித்துக் கம்பிகளை எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். தரநிர்ணயமே 8, 10 மி.மீ. கம்பிக்கு 7 சதவீதம் கூடுதல் குறைவை அனுமதிக்கிறது, 12, 16 மி.மீ. கம்பிக்கு 5 சதவீதம். அதற்குமேல் எடை கூடினால் அதே நீளத்துக்கு அதிகப் பணம் கொடுக்கிறீர்கள். குறைந்தால் தளத்துக்குள் இரும்பு குறைகிறது. இரண்டிலும் லாரியைத் திருப்பி அனுப்பலாம். எம்-சாண்டை யூனிட் கணக்கில் வாங்கினால், ஒரு யூனிட் 100 கன அடி. மணலைக் கொட்டும் முன் ஏறி, உள்பக்க நீள அகல உயரத்தை டேப் போட்டு அளந்து பெருக்குங்கள்.

கலவையில் தண்ணீரைக் கண்மதிப்பில் ஊற்ற விடாதீர்கள். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் வாளியில் கோடு போட்டுக் கொடுங்கள். போர் தண்ணீரைச் சோதிக்காமல் கான்கிரீட்டுக்கு எடுக்காதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456 விதிப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரும்பு அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) 1953 முதல் நம் ஊரிலேயே இயங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் கட்டிய தளத்தில் துருப்பிடித்த கம்பி எட்டிப்பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். இன்று பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு நம் வெயிலில் 10 நாளாவது வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓடுகிறது என்று முட்டுக்கால்களை முன்கூட்டியே எடுக்கச் சொல்வார்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள் என்பது சாதாரண சிமெண்டுக்கே உள்ள விதி. அந்த வாடகையை விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிட்டால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

உயிர் விஷயம்

நம் தொழிலில் ஆட்கள் சாவது பெரும்பாலும் விழுந்துதான். பழைய வீட்டு ஓட்டில் நேராகக் கால் வைக்க விடாதீர்கள். கைமரத்தின் மேல் பலகை போட்டு, பலகை மேல்தான் நடக்க வேண்டும். சாரத்தை வளவின் மரத் தூணிலோ கல் தூணிலோ கட்டாமல் அதன் சொந்தக் காலில் நிற்க வையுங்கள். வளவைச் சுற்றி மேல்தளத்தில் வேலை நடந்தால் விளிம்பில் கயிறு போதாது, இடுப்பளவு தடுப்பு வேண்டும். ஈரத்தில் கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போது மின்கசிவில் தானாக அறுந்துகொள்ளும் 30 மில்லிஆம்பியர் பிரேக்கர் இல்லாமல் மின்சாரம் எடுக்காதீர்கள்.

ஆள் மேஸ்திரியுடையவர், எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் சரி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் சரி, வேலை கொடுப்பவருக்குப் பொறுப்பு உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டையும் கட்டுமானத்துக்கான ஒப்பந்ததாரர் காப்பீட்டையும் வேலை தொடங்கும் நாளுக்கு முன்னதாக எடுங்கள். அந்தப் பிரீமியத்தைத் தனி வரியாக வீட்டுக்காரருக்குக் காட்டலாம். எதற்காக என்று சொன்னால் மறுப்பவர்கள் மிகக் குறைவு.

ஒப்படைக்கும்போது

சாவியோடு ஒரு கோப்பும் கொடுங்கள். மறைந்த குழாய், வயர்களின் படங்கள், கான்கிரீட் கனசதுரச் சோதனை முடிவுகள், மோட்டார், ஸ்விட்ச் பில்கள், கழற்றிய பொருள்களைத் திருப்பிக் கொடுத்ததற்கான கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் நிறுத்திவைக்கும் பிடித்தம் 5 சதவீதம் என்றால் அதைத் திருப்பித்தரும் தேதியை 'ஒரு வருடம் கழித்து' என்று எழுதாமல், 'வீடு ஒரு வடகிழக்குப் பருவமழையைக் கண்ட பின், ஜனவரி 31க்குள்' என்று எழுதுங்கள். ஒழுகுவது அந்த மழையில் தெரிந்துவிடும். கார்த்திகை முடிந்ததும் நீங்களே போய் மாடியையும் தண்ணீர்க் குழாய் இறங்கும் இடங்களையும் பாருங்கள். இருக்கும் கசிவை அடைத்துவிட்டுப் பிடித்தத் தொகையைக் கேளுங்கள்.